காணாத மாலை

பலெர்மோவில், பல்லாறோச் சந்தைக்குப் பின்பக்கம், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிநின்று மற்றவருக்கு வழிவிட வேண்டிய ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள், முன்னொரு வைகாசியில் ஒரு மாலைநேரம் வழக்கம்போல வந்து, வழக்கம்போலச் சுவர்களுக்கு மஞ்சள் பூசி, ஆனால் வழக்கம்போலப் போகாமல், விருந்துக்கு வந்த வீட்டில் பாயை விரித்துப் படுத்துவிட்ட மாமனைப்போல அங்கேயே தங்கிவிட்டது. எவ்வளவு காலம் தங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. காலத்தைக் கணக்குப் பார்க்க ஒரு இரவாவது வந்துபோக வேண்டும், அந்த இரவுதான் வரவில்லை. ஏன் தங்கியது என்று கேட்டால் மட்டும் ஒழுங்கையில் இப்போதும் எல்லாரும் சொல்வார்கள்: அது சுகிர்தா வந்த மாலை, அவளுக்கு அது காணவில்லை.

எங்கள் ஊர்ப்பேச்சில் போதும் என்பதற்குக் காணும் என்போம், போதாது என்பதற்குக் காணாது என்போம். கண்ணால் பார்ப்பதற்கும் அதே சொல், வயிறும் மனமும் நிறைவதற்கும் அதே சொல். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்திருந்தால் காணும்.

கொஞ்செத்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். பேக்கரியில் பாணுக்கு மா குழைக்கிறவர், ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவர், ஹோட்டலில் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிறவர், படுக்கையில் கிடக்கிற கிழவர்களின் தலைமாட்டில் விடியவிடிய விழித்திருக்கிறவர் என்று எல்லாருமே இரவு வேலைக்காரர்கள். ஊர் முழுவதும் வீடு திரும்புகிற நேரத்தில் நாங்கள் படியிறங்குவோம். மற்றவர்களுக்கு மாலை என்றால் வானம், காற்று, கடற்கரை. எங்களுக்கு மாலை என்றால் சப்பாத்துக் கயிறு. குனிந்து காலில் அதைக் கட்டி நிமிரும்போது வெளிச்சம் போயிருக்கும். அந்த வீட்டில் இருந்த ஒரே பெண் யோகக்கா. பகலில் வெள்ளைக்காரர் வீடுகளைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, எங்களுக்கும் சேர்த்துச் சமைத்து, பொழுதுபட்டதும் சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைப்பா. எங்களில் பலர் அந்த வெளிச்சத்தை முதுகில்தான் பார்த்திருக்கிறோம்.

கொஞ்செத்தா சிசிலிக்காரி, கைம்பெண், உரலைப்போன்ற உடம்பும் உடுக்கைப்போன்ற குரலும் உள்ளவள். அவளுடைய பெயரைக் கேட்டதும் எங்கள் பொன்ராசா அண்ணை சொன்னது: "கொஞ்சம் தா எண்டு பேர் வைச்சுக்கொண்டு, மனிசி ஒருநாளும் கொஞ்சமாய்த் தந்ததில்லை." அது உண்மை. அவள் அகப்பையைப் பானைக்குள் விட்டால் பானையே கொஞ்சம் மேலே வரும்.

குணநாயகம் எங்கள் வீட்டில் கடைசி அறையில் இருந்தவன், ஒரு பழைய நீதிபதிக் கிழவருக்கு இரவுக் காவல். ஊரில் கல்யாணம் முடித்து, மாலை வாடுவதற்குள் என்று சொல்வார்களே, அப்படி வெளிக்கிட்டு வந்தவன். பிறகு சண்டையென்று பாதை பூட்டினார்கள், திறந்தார்கள், திரும்பவும் பூட்டினார்கள், அவனுடைய விசாக் கடுதாசிகள் இங்கே ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு நடந்தன, அங்கே சுகிர்தமலர் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்தாள். எல்லாம் ஒருவழியாய்க் கூடிவந்த அந்த வைகாசி நாளில், மத்தியானப் பிளேனில் அவள் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாண்டிப்போய்விட்டுத் திரும்பி வந்தார்களாம். அவன் தேடியது மெலிந்த பெட்டையை, அவள் தேடியது தலைநிறைய மயிருள்ள பெடியனை.

கிழவரின் மகள் இரங்கிச் சொல்லியிருந்தாள், இன்றைக்குப் பின்னேரமே வரத் தேவையில்லை, இருட்டின பிறகு வந்தால் காணும் என்று. ஆகவே அவனுக்கு அந்த நாளில் கிடைத்தது ஒரு மாலை. அதை எங்கே வைத்துச் செலவழிப்பது என்று அவன் யோசிப்பதற்கு முன்பே கொஞ்செத்தா கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டாள். பெண் வந்த முதல் மாலை, என்னுடைய மேசையில்தான் சாப்பாடு என்றாள்.

"என்ன குணம், முதல்நாளே கடைச்சாப்பாடோ?" என்று பொன்ராசா அண்ணை பல்கனியிலிருந்து கேட்டார். "யோகம் புட்டு அவிச்சு வைச்சிருக்கிறா."

"புட்டு நாளைக்கும் கிடக்கும் அண்ணை."

"நாளைக்குப் புட்டுக் கிடக்கும், நீ கிடப்பியோ? கிழவன்ர கட்டிலுக்குக் கீழையல்லோ கிடப்பாய்!"

சுகிர்தா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாய், வழுக்குமோ என்று பார்த்துப் பார்த்து இறங்கினாள். ஒழுங்கையின் நடுவில் கொஞ்செத்தா ஒரே ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் சிவப்புக் கட்டம்போட்ட விரிப்பை விரித்து, ஒரு கிளாசுக்குள் துளசியைப்போன்ற அவர்களுடைய செடியின் கொப்பொன்றை வைத்திருந்தாள். சுகிர்தா அதைக் கிள்ளி முகர்ந்து, துளசிதான், ஆனால் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறின துளசி என்றாள். குணநாயகம் சிரித்தான். அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல்தடவை, முன்பல் ஒன்று இல்லாதது அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது.

முதலில் கடலைமா அப்பளம்போல் ஒன்று வந்தது, பொரித்துச் சுடச்சுட, மேலே தேசிக்காய்ப் புளி. பிறகு கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி வினாகிரியும் சீனியும் போட்ட ஒன்று. பிறகு கொஞ்செத்தா இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தது அவளுடைய பாஸ்தா: சாளை மீனும், மலையில் பிடுங்கின பெருஞ்சீரகக் கீரையும், காய்ந்த திராட்சையும் போட்டுக் கிண்டி, வறுத்த பாண்தூளைத் தேங்காய்ப்பூ தூவுவதுபோலத் தூவினது. சுகிர்தா முள்ளுக்கரண்டியை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கையால் எடுத்து வாயில் வைத்தாள். வைத்தவள் கண்ணை மூடினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "இதுக்குள்ளை எங்கட மீனல்லோ கிடக்குது."

"கடல் ஒண்டுதானே," என்றான் அவன், அவளுடைய கோப்பையிலிருந்து முள்ளைப் பொறுக்கிக்கொண்டு.

கோப்பை வெறுமையானது. சூரியன் அப்போது வண்ண ஓடு பதித்த கோயில் கும்மட்டத்தின் விளிம்பில், விழுவதற்குத் தயாராய், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. குணநாயகம் அதை ஒருகண்ணால் பார்த்தபடியே இருந்தான். கொஞ்செத்தா வந்து, இடுப்பில் கைவைத்து நின்று, சுகிர்தாவிடம் கேட்டாள்:

"பாஸ்தா?"

இந்த இடத்தில்தான் எல்லாம் நடந்தது. சிசிலிக்காரர்களுக்குப் பாஸ்தா என்று இரண்டு சொல் உண்டு. உதட்டை ஒட்டிக் காற்றைத் துப்பிச் சொன்னால் அது தின்கிற பாஸ்தா. தொண்டைக்குள் அதிரவைத்துச் சொன்னால் அது வேறு, காணுமா என்று கேட்பது. எங்களுடைய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப, எங்களுடைய காதுக்கும் ஒரே ப. குணநாயகம் டெலிபோனில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது சாப்பாட்டை மட்டும்தான். வயிறு நிறைந்திருந்த சுகிர்தா, இன்னும் பாஸ்தா போடவா என்று மனிசி உபசரிக்கிறாளாக்கும் என்று நினைத்து, மரியாதையாய்த் தலையை ஆட்டி, "நோ, நோ" என்றாள்.

காணுமா என்று கேட்டதற்கு இல்லை இல்லை என்று பதில். கொஞ்செத்தாவின் முகம் பூத்துப்போனது. அவள் உள்ளே ஓடினாள். கும்மட்டத்தின் விளிம்பில் நின்ற சூரியனும் அதைக் கேட்டிருக்க வேண்டும், தூக்கின காலைத் திரும்பக் கீழே வைத்தது.

இரண்டாவது கோப்பை வந்ததும் சுகிர்தா திகைத்தாள். ஆனால் விருந்தாளி மிச்சம் வைக்கக்கூடாதே என்று ஒரு வாய் எடுத்தாள், எடுத்ததும் பசித்தது. அது அன்றைய பசி இல்லை. சண்டை மூண்ட வருடம் கூப்பன் கடை வரிசையில் நின்று, தன்னுடைய முறை வருவதற்குள் பாண் முடிந்துபோன ஒரு காலையின் பசி. அதை அவள் அவனுக்குச் சொல்லிச் சொல்லித் தின்றாள். மூன்றாவது கோப்பைக்கு, மழைக்குள் ஊர்முழுவதும் இடம்பெயர்ந்து பாலத்தைக் கடந்துபோன இரவின் பசி வந்தது. அடுத்ததற்கு, கஞ்சியைக் குடித்துவிட்டு மாமியாருக்குப் புட்டுத் தின்றதாகச் சொன்ன ஒரு கார்த்திகையின் பசி வந்தது. ஒவ்வொரு பசியும் எங்கெங்கோ கியூவில் நின்றுவிட்டு இப்போதுதான் முறை வந்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்து மேசையில் குந்தியது. குணநாயகமும் தன்னுடைய பசிகளைக் கூப்பிட்டான். எல்லையில் ஒரு லொறிக்குள் படுத்துக் கிடந்தபோது வந்தது, முதல் குளிரில் ஸ்டேசன் வாங்கில் இருந்து தின்ற பச்சைப் பாணில் வந்தது. இரண்டு பேரும் மாறிமாறித் தின்றார்கள். ஒவ்வொரு கோப்பை முடிவிலும் கொஞ்செத்தா "பாஸ்தா?" என்று வந்து நின்றாள், சுகிர்தா "நோ, நோ" என்றாள், வெளிச்சம் அசையாமல் நின்றது.

குணநாயகத்துக்கு இரண்டு சொல்லும் தெரியும். அவன் திருத்தவில்லை.

இரவு வரவில்லை என்பதைப் பலெர்மோக்காரர்கள் பெரிதாக எடுக்கவில்லை. அந்த ஊரில் பஸ் பிந்தும், தபால் பிந்தும், நாங்கள் காவல்நிலையத்தில் கொடுத்த கடுதாசி பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகு திரும்பி வரும். அதற்கெல்லாம் அவர்கள் ரித்தார்தோ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், தாமதம். மீன்காரன் வானத்தைப் பார்த்து, இரவு ரித்தார்தோ என்றான், தோளைக் குலுக்கினான், திரும்பவும் கூவத் தொடங்கினான். அவனுடைய மீன் நாறவில்லை, ஏனென்றால் நாறுவதற்கு நாளைக்கு என்று ஒன்று வர வேண்டும். மாலைமணி அடிப்பதற்குக் கயிற்றைப் பிடித்த பாதிரியார், அடித்த மணியைத் திரும்பத் திரும்ப எத்தனைதரம் அடிப்பது என்று யோசித்துவிட்டு, கயிற்றை ஆணியில் கொழுவிவிட்டு வந்து ஒரு கதிரையில் இருந்தார், கத்தரிக்காய் கேட்டார். கத்தரிக்கோல் வால் குருவிகள் ஒழுங்கைக்கு மேலே வட்டமடித்து வட்டமடித்துக் களைத்துப்போய்த் துணி காயும் கயிற்றில் வரிசையாய் இருந்தன. கிழவிகள் கதிரைகளை வாசலுக்கு இழுத்துப்போட்டு, எப்போதோ பாதியில் விட்ட கதைகளை முடித்தார்கள். முடித்த பிறகு செத்துப்போன புருசன்மாரை மன்னிக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் பாடுதான் வேறுமாதிரி. இருட்டினால் வேலை, இருட்டவில்லை, ஆகவே வேலை இல்லை. சப்பாத்தைக் கட்டினவர்கள் கட்டினபடியே இருந்து, பிறகு ஒவ்வொருவராய் அவிழ்த்தோம். பேக்கரிக்காரர் கடற்கரைக்குப் போய்க் கடல் அந்த நேரத்தில் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வந்து, சொல்லத் தெரியாமல் திரும்பவும் பார்க்கப் போனார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்த்தோம், எவ்வளவு நரைத்திருந்தோம்.

ஆனால் மேல்வீட்டில் கரைச்சல் தொடங்கியது. விளக்கு வைத்த நேரம் முடியவில்லை அல்லவா, அந்த நேரத்தில் வீடு கூட்டக்கூடாது, தலை இழுக்கக்கூடாது, படுக்கக்கூடாது, உப்புக் கொடுக்கக்கூடாது. யோகக்கா எல்லாவற்றிலும் கண்டிப்பாய் இருந்தா. தூசு கணுக்காலளவுக்கு வந்தது. எங்கள் தலைகள் பரட்டையாயின. கொஞ்செத்தா உப்பு முடிந்துபோய்க் கீழேயிருந்து கேட்க, யோகக்கா பல்கனியில் நின்று விளக்கைக் காட்டி இல்லையென்று கையை ஆட்டினா. கொஞ்செத்தா ஒரு நிமிடம் யோசித்து, ஓ, என்னுடைய அம்மாவும் அப்படித்தான் என்று தலையாட்டிவிட்டுக் கடல்தண்ணீர் எடுத்துவரப் பொன்ராசா அண்ணையை வாளியோடு அனுப்பினாள்.

"படுக்கவும் விடமாட்டா, குந்தவும் விடமாட்டா," என்று பொன்ராசா அண்ணை போகும்போது மேசையைப் பார்த்துச் சொன்னார். "டேய் குணம், உன்ர முதல் மாலையாலை நான் கிழவனாய்ப் போனன்."

"நீங்கள் வரேக்கையே கிழவன்தானே அண்ணை."

"பார் பிள்ளை, பல்லில்லாட்டியும் வாயிருக்கு இவனுக்கு!"

சுகிர்தா சிரித்துப் புரைக்கேறி, அவன் அவளுடைய தலையில் தட்டினான். தட்டின கை அங்கேயே இருந்தது. மேசைக்குக் கீழே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, தன்னுடைய பாதத்தை அவனுடைய சப்பாத்தின்மேல் வைத்திருந்ததை ஒழுங்கை முழுவதும் கண்டது, கண்டுவிட்டுத் தன்தன் கோப்பையைப் பார்த்தது. பாதிரியாரும்தான்.

அப்போதுதான் அவன் அவளுக்குச் சொன்னான், சொல்லாமல் வைத்திருந்ததை.

"சுகிர்தா, திங்கட்கிழமையிலையிருந்து உமக்கு ஒரு டொக்டர் வீட்டிலை வேலை பேசி வைச்சிருக்கிறன். விடியப் போனா, பொழுதுபடத்தான் வருவீர். நான் பொழுதுபடப் போனா, விடியத்தான் வருவன்."

"அப்ப எப்ப பார்க்கிறது?"

அவன் கும்மட்டத்தைப் பார்த்தான். "இதுதான். இண்டைக்கு இருட்டினா, இப்பிடியொரு மாலை எங்களுக்குத் திரும்பக் கிடையாது."

அவளும் கும்மட்டத்தைப் பார்த்தாள். கொஞ்செத்தா வந்து "பாஸ்தா?" என்றபோது, முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் "நோ!" என்றாள்.

அந்தக் கோப்பை முடிந்து கை கழுவுவதற்கு அவள் மாடிக்கு ஏறினாள். பல்கனிக் கதவடியில், அசையாத அந்த மஞ்சள் வெளிச்சத்தில், யோகக்கா ஒரு பச்சைச் சட்டையின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தா. தைத்து முடித்ததும் தூக்கிப் பிடித்துப் பார்த்தா, தையலைப் பிரித்தா, இன்னும் கொஞ்சம் இறக்கி மடித்துத் திரும்பத் தைக்கத் தொடங்கினா. மடிப்பில் ஊசி போட்ட ஓட்டைகள் சல்லடைபோல இருந்தன.

"ஆருக்கு அக்கா சட்டை?"

"மகளுக்கு. நாளைக்கு விடியப் பிளேனிலை வாறாள்."

சுகிர்தாவின் கை ஈரத்தோடு நின்றது. "நாளைக்கோ?"

"ஓம். கதவுக் கொண்டிக்கு எட்டாத பிள்ளையாய்த் தங்கச்சியோட விட்டிட்டு வந்தனான். வெள்ளவத்தையிலை இருக்கிறாள். எவ்வளவு வளந்திருப்பாள் எண்டு ஒரு மட்டும் பிடிபடேல்லை, அதுதான் கூட்டிக் குறைச்சுப் பார்க்கிறன்."

"ஆரணியோ?"

ஊசி நின்றது. "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"விசாவுக்கு நான் வெள்ளவத்தையிலை நிண்ட லொட்ஜுக்கு வாறவ அக்கா, கீழை ரெலிபோனுக்கு. பலெர்மோவிலை அம்மா எண்டு சொல்லுறவ, உங்களோட கதைக்கத்தான் வாறவ. கதைச்சு முடிஞ்சாலும் போனை வையா, அந்தப்பக்கம் வைச்ச சத்தம் கேட்ட பிறகும் பிடிச்சுக்கொண்டு நிப்பா." சுகிர்தா தன்னுடைய காதைத் தொட்டுக் காட்டினாள். "இவ்வளவுக்கு நிப்பா. ரெட்டைப் பின்னல்."

யோகக்கா எழும்பி வந்து சட்டையைச் சுகிர்தாவின் தோளில் வைத்துப் பார்த்தா. மடிப்பு முழுவதையும் இறக்கிப் பிடித்தா. "இது காணுமோ பிள்ளை?"

"காணாது அக்கா."

"காணாது," என்றா யோகக்கா. "நான் காணாத வருசமெல்லாம் இந்தச் சட்டைக்குக் கீழை தொங்குது."

பிறகு அவ நூலைக் கடித்துவிட்டு, திரும்ப இருந்து, மடிப்பைத் திரும்பப் பிரிக்கத் தொடங்கினா.

"ஏன் அக்கா இவ்வளவு நேரமும் ஒண்டும் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"என்னத்தைச் சொல்லுறது? நான் வந்த முதல் மாலை ஒரு ஹோட்டல் கக்கூஸுக்குள்ளை போச்சுது. ஒருத்திக்காவது வடிவாய்க் கிடைச்சிருக்கு, கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன். என்ர நாளைக்கு எங்கை போகப்போகுது, பிந்தித்தானே வரும். ரித்தார்தோ." அவ சிரித்தா. அந்தச் சிரிப்பு சட்டையைப்போல எத்தனையோதரம் பிரித்துத் தைத்தது.

சுகிர்தா படியிறங்கி வந்து மேசையில் இருந்தாள். வந்த அன்று வழுக்குமோ என்று பார்த்து இறங்கின படிகள்தான், இப்போது காலுக்குத் தெரிந்திருந்தன. புதுக்கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசி ஒவ்வொருக்காலும் என்னட்டை என்னத்தைக் கேட்கிறவ?"

குணநாயகம் பாண்தூளை விரலால் ஒதுக்கினான். "பாஸ்தா எண்டு."

"அது சாப்பாடு."

"சாப்பாடு பாஸ்தா. இது பாஸ்தா." அவனுக்கே சிரிப்பு வந்தது. "இது வேறை சொல்லு. காணுமோ எண்டு கேட்கிறா."

"அப்ப நான் நோ நோ எண்டது?"

"காணாது, காணாது எண்டு சொல்லியிருக்கிறீர்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லித்தரேல்லை?"

"நீர் ஒண்டும் பிழையாய்ச் சொல்லேல்லையே," என்றான் குணநாயகம்.

அவள் அழுதாளா என்று எங்களுக்குத் தெரியாது, அந்த வெளிச்சத்தில் எல்லாருடைய கண்ணும் அப்படித்தான் மினுங்கியது. அவள் அவனுடைய கையை எடுத்து, எல்லாரும் பார்க்க, மேசைக்கு மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு, மாடியில் ஒரு சட்டை இருப்பதைச் சொன்னாள். யாருடைய நாளைக்கை நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம் என்று சொன்னாள். அவனுக்கு யோகக்காவின் மகள் வருவது தெரியும், எங்களுக்கும் தெரியும், வாரக்கணக்காய் அந்த வீட்டில் அதுதான் பேச்சு, ஆனால் மறந்துபோயிருந்தோம். சுகமான வெளிச்சத்தில் மற்றவர்களுடைய நாளைக்கு மறந்துதான் போகிறது.

அவர்கள் அந்தக் கடைசிக் கோப்பையை இரண்டு பேருமாய், ஒரே கோப்பையில், ஊட்டாததுபோல ஊட்டிக்கொண்டு தின்றார்கள். அதற்கு வந்த பசி பழையது இல்லை என்று சுகிர்தா பிறகு ஒருமுறை சொன்னாள். இனி வரப்போகிற வருடங்களின் பசியாம், முற்பணமாய் வந்ததாம்.

கொஞ்செத்தா வந்து இடுப்பில் கைவைத்தாள். மீன்காரன் கூவலைப் பாதியில் விழுங்கினான்.

"பாஸ்தா?"

சுகிர்தா நிமிர்ந்து, தெளிவாய், "பாஸ்தா" என்றாள்.

எங்களுடைய வாய்தானே. கொஞ்செத்தாவுக்குக் கேட்டது தின்கிற பாஸ்தா. அவள் சந்தோசமாய்த் திரும்பி உள்ளே ஓடினாள். "ஐயோ, ஐயோ!" என்று பொன்ராசா அண்ணை தலையில் கைவைத்தார். சுகிர்தா எழும்பி, "பாஸ்தா! இல்லை, பாஸ்தா!" என்று பின்னால் கத்தினாள். உள்ளேயிருந்து "சீ, சீ, பாஸ்தா!" என்று கொஞ்செத்தாவின் குரல் வந்தது, அவர்களுக்குச் சீ என்றால் ஓம். அடுத்த கோப்பை கதவைத் தாண்டி வந்தேவிட்டது.

அப்போது சுகிர்தா யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஒன்றைச் செய்தாள். குனிந்து, பந்தியில் இலையை மறிப்பதுபோல, தன்னுடைய வெறும் கோப்பையின்மேல் இரண்டு கைகளையும் விரித்துக் குடைபிடித்து, கொஞ்செத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"காணும் அம்மா. எனக்குக் காணும்."

கொஞ்செத்தா நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். அகப்பை தெரிந்த எவருக்கும் அந்தக் கைகள் புரியும். அவள் கொண்டுவந்த கோப்பையைப் பாதிரியாருக்கு முன்னால் வைத்துவிட்டு, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து, சுகிர்தாவின் இரண்டு கன்னங்களையும் பிடித்து முத்தமிட்டாள். கும்மட்டத்தின் விளிம்பில் நின்ற சூரியன் காலைத் தூக்கியது, இந்தமுறை வைக்கவில்லை.

சுவர்களிலிருந்து மஞ்சள் வடிந்தது. குருவிகள் கயிற்றை விட்டு எழும்பிப் போயின. நாங்கள் குனிந்து சப்பாத்தைக் கட்டினோம். குணநாயகம் எழும்பினான். போகிறேன் என்று எங்களில் எவரும் சொல்வதில்லை, அவனும் சொல்லவில்லை. "போட்டு வாறன்," என்றான், அவள் "ஓம்" என்றாள். ஒழுங்கை முடியும்வரை அவன் மூன்றுதரமோ நான்குதரமோ திரும்பிப் பார்த்தான், கடைசித்தரம் பார்த்தபோது முகம் தெரியவில்லை, கத்தரிப்பூ நிறம் மட்டும் தெரிந்ததாம். சுகிர்தா மேசைவிரிப்பை மடித்துக்கொண்டு, கொஞ்செத்தாவிடம் சைகையில் எதையோ கேட்டு, மாடிக்கு ஏறினாள். மாடியில் யோகக்கா முதன்முதலாய்ச் சட்டையை மடியில் வைத்துவிட்டு விளக்கைத் தூண்டினா.

அடுத்தநாள், பிந்தாமல், பிளேன் வந்தது. ஆரணி சுகிர்தாவின் காதுக்கு இல்லை, நெற்றிக்கு நின்றாள், பிளேனிலும் வளர்ந்தாளோ என்னவோ. யோகக்கா அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் பச்சைச் சட்டையைப் போட்டாள். சட்டையின் கீழே, சிவப்புக் கட்டம்போட்ட மேசைவிரிப்பில் வெட்டின அகலமான கரை வைத்துத் தைத்திருந்தது. அது காணும்போல இருந்தது, ஒரு நூல் குறைவாய்.

பிறகு வருடங்கள் போயின. குணநாயகம் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. அவள் விடியப் போனாள், பொழுதுபட வந்தாள். அவன் பொழுதுபடப் போனான், விடிய வந்தான். நீதிபதிக் கிழவர் செத்தார், வேறு கிழவர் வந்தார். டொக்டர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து அவர்களுடைய பிள்ளைகளைச் சுகிர்தா தூக்கினாள். கொஞ்செத்தாவும் செத்து, சுவர்ப் படத்துக்குள் போய் ஒரு சிவப்புக் குமிழ் விளக்குக்குக் கீழே சிரிக்கிறாள். கடையை மருமகள் நடத்துகிறாள், அவள் நிறுத்துத்தான் போடுகிறாள். நாங்கள் பலர் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டோம், போகாதவர்கள் இன்னும் சப்பாத்துக் கட்டுகிறோம்.

ஆனால் அந்த வீட்டின் படிக்கட்டு ஒழுங்கையைப்போலவே ஒடுக்கம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டும். பொழுதுபடுகிற நேரத்தில் வேலை முடிந்து அவள் ஏறுவாள், வேலைக்கென்று அவன் இறங்குவான். நடுப்படியில் சந்திப்பார்கள். இருவருமே ஒட்டமாட்டார்கள். அவள் பைக்குள்ளிருந்து டொக்டர் வீட்டு மிச்சப் பலகாரம் ஏதாவது எடுத்து அவனுடைய வாயில் வைப்பாள், அவன் மென்றுகொண்டே கேட்பான்:

"காணுமோ?"

அவளும் கிழவியாகிவிட்டாள், இத்தாலியன் எங்களைவிட நன்றாய்ப் பேசுவாள், இரண்டு பாஸ்தாவையும் பிரித்துச் சொல்வாள். ஆனாலும் அந்தப் படியில் மட்டும், வந்த அன்று சொன்ன அதே மரியாதையோடு தலையை ஆட்டிச் சொல்வாள்:

"நோ, நோ."

அந்த நேரத்தில் கீழே வாசலடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டுகிற எங்களில் யாராவது தலையை நிமிர்த்திப் பார்த்தால், கும்மட்டத்து விளிம்பில் சூரியன் தூக்கின காலை ஒருதரம் கீழே வைத்துவிட்டு எடுப்பது தெரியும். நாங்கள் கட்டின கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவோம். வேலைக்கு ஏன் பிந்தினாய் என்று கேட்டால், ரித்தார்தோ என்போம்.